அத்தான் பெயரில் இன்னொரு கணக்கு

குளச்சலிலிருந்து:

என் அத்தான் குவைத்தில் வேலை பார்க்கிறார். போன மாதம் ஒரு மாலை மாமி அக்காவை போனில் அழைத்து, "அவனுக்கு அங்கே என்ன கஷ்டம் மக்களே? பணம் கேட்டிருக்கிறானே" என்றார். பேஸ்புக்கில் வந்த செய்தி அது. நண்பர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இந்த எண்ணுக்குக் கூகுள் பே செய்யுங்கள், காலையில் திருப்பித் தருகிறேன் என்று இருந்தது. படம் அத்தானுடையதுதான், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது.

அத்தான் உடனே பாஸ்வேர்டை மாற்றினார். பயனில்லை. அவருடைய கணக்குக்குள் யாரும் நுழையவே இல்லையே! எல்லோரும் பார்க்கும்படி கிடந்த பெயர், படம், நண்பர்கள் பட்டியல் மூன்றையும் எடுத்துப் புதுக் கணக்கு தொடங்கியிருந்தான் அந்தத் திருடன். அத்தான் தேடிப் பார்த்தபோது அது அவர் கண்ணில் படவும் இல்லை. முதல் வேலையாக அவரை பிளாக் செய்துவிட்டான். அக்காவின் போனில் தேடியதும் வந்து நின்றது. எனவே புகாரை நாங்கள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, வேறொருவர் பெயரில் நடிக்கிறார் என்று சொல்லி, அத்தானின் அசல் கணக்கைக் காட்டினோம். சொந்தக்காரர்களும் அப்படியே செய்தார்கள். மறுநாள் அது மறைந்தது.

அதற்குள் மாமியின் மகன் பணம் அனுப்பிவிட்டான். கடலுக்குப் போய்ச் சம்பாதித்த காசு. எங்கள் கடலோர ஊர்களில் பல வீடுகளில் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். அங்கே என்ன ஆனதோ என்ற பதைப்பு எந்நேரமும் உண்டு. அந்தப் பதைப்பைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் பரிவர்த்தனை விவரத்தைச் சொன்னோம். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க முடியும்.

இப்போது அத்தானின் நண்பர்கள் பட்டியலை அவர் மட்டுமே பார்க்க முடியும். புரொபைலையும் பூட்டிவிட்டோம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அக்கா, எங்களுக்கு வந்தது வாட்ஸ்அப்பில். அம்மாவின் சுயஉதவிக் குழுத் தலைவியின் எண்ணிலிருந்தே செய்தி: "ஓர் ஆறு இலக்க எண் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்." அம்மா அனுப்பவில்லை, நேரே அவர் வீட்டுக்கே நடந்து போய்க் கேட்டார். தலைவியின் கணக்கை அதே தந்திரத்தால் ஏற்கெனவே பறித்திருந்தார்கள். அந்த ஆறு இலக்க எண் வாட்ஸ்அப் அனுப்பும் சரிபார்ப்பு எண், அது கிடைத்தால் நம் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறந்துவிடலாம்.

அடுத்த கூட்டத்தில் அம்மா ஒவ்வொருவர் போனையும் வாங்கி, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைத் திறந்து கொடுத்தார். அந்த ஆறு இலக்க எண்ணோடு நாமே வைத்த ரகசிய எண்ணையும் கேட்கும் பூட்டு அது. ரகசிய எண்ணை அவரவரே போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர்கள் போட்டு முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அம்மாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை!

உங்கள் மாமி மகனின் பணம் கிடைத்ததா?

குளச்சலிலிருந்து:

இன்னும் இல்லை, தம்பி. புகார் எண் கையில் இருக்கிறது. வியாழக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு நாகர்கோவில் சைபர் குற்றப் பிரிவுக்குப் போகிறேன். உங்கள் அம்மா செய்ததை எங்கள் தெருப் பெண்களுக்கும் செய்து கொடுக்கப் போகிறேன், அவரிடம் சொல்லுங்கள்.