பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்க ஒப்பந்தம் காவலா, சுமையா?

நெய்தல்:
2024 ஜூன் 17. தென்சீனக் கடலில், சீனாவும் உரிமை கோரும் செகண்ட் தாமஸ் திட்டில் 1999-இல் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த சியரா மாட்ரே என்ற துருப்பிடித்த கப்பல்தான் பிலிப்பைன்ஸின் காவல்சாவடி. அங்கே சரக்கு கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீனக் கடலோரக் காவல்படை கத்தியும் கோடரியுமாகச் சூழ்ந்தது. ஒரு கடற்படை வீரருக்குக் கட்டைவிரல் போனது. 1951-இல் அமெரிக்காவோடு போட்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் அன்று எதற்கு உதவியது?

அலைகடல்:
துப்பாக்கி வெடிக்காமல் போனதற்கு உதவியது. ஒப்பந்தம் பேசுவது 'ஆயுதத் தாக்குதல்' நடந்தால் துணைக்கு வருவது பற்றி. அதனால்தான் சீனா தண்ணீரைப் பீய்ச்சுவது, இடிப்பது என்று அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. 1991-இல் பிலிப்பைன்ஸ் செனட் அமெரிக்கத் தளங்கள் வேண்டாமென்றது. மறு ஆண்டு சூபிக் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளம் காலியானது. 1995-இல் மிஸ்சீஃப் திட்டு சீனாவின் கைக்குப் போனது. இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நெய்தல்:
சரி, 2012-இல் ஸ்கார்பரோ திட்டு போனபோதும் ஒப்பந்தம் நடப்பில்தானே இருந்தது? 2023-இல் அமெரிக்கப் படை புழங்கும் தளங்களை ஐந்திலிருந்து ஒன்பதாக்கினார்கள். அவற்றில் இரண்டு வடக்கே, தைவானுக்கு நேர் கீழே இருக்கும் காகயான் மாகாணத்தில். தைவானுக்காகச் சண்டை மூண்டால் அந்த ஊர் மக்கள் என்ன ஆவார்கள்? யாரோ போடும் சண்டைக்கு இவர்கள் ஏன் சாக வேண்டும்?

பாய்மரம்:
இருவரும் அமெரிக்காவையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சபீனா திட்டைப் பாருங்கள். தெரேசா மக்பனுவா என்ற ரோந்துக் கப்பல் 2024-இல் ஐந்து மாதம் அங்கே நங்கூரமிட்டு நின்றது. சீனா சரக்கை மறித்தது. மாலுமிகள் கஞ்சியும் மழைநீருமாக நாளைக் கடத்தினார்கள். கடைசியில் சிலரைத் தூக்குப்படுக்கையில் இறக்கினார்கள். அந்த 97 மீட்டர் கப்பல் ஜப்பானில் கட்டியது. இந்தியாவிடமிருந்து பிரம்மோஸ் ஏவுகணையும் 2024 ஏப்ரலில் வந்து சேர்ந்தது. அன்றாடம் கடலில் நிற்க இந்த மாதிரிக் கூட்டுதான் வேண்டும்.

அலைகடல்:
நல்ல கப்பல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதையே 2024 ஆகஸ்டில் இடித்தார்களே! பின்னால் பெரிய கை இருக்கிறது என்ற பயம் இல்லாவிட்டால் இடியோடு நின்றிருக்குமா?

நெய்தல்:
ரோந்துக் கப்பல் கொடுப்பவரை நானும் வரவேற்கிறேன் பாய்மரம். அதைக் கொண்டு மீனவரோடு கூடவே போகலாம். ஸ்கார்பரோவில் மீன்பிடிக்கும் மரபுரிமையைச் சீனா மீறியது என்று 2016-லேயே சர்வதேச நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. ஒன்பது தளம் வந்த பிறகும் அந்த மீனவர் திட்டுக்குள் நுழைய முடியவில்லையே, அலைகடல். அதற்குப் பதில் சொல்லுங்கள்.