சாவி யாரிடம் இருக்கிறது? ஸ்பெயின் கிராமத்துத் தேவாலயங்களில் நாங்கள் சந்தித்தவர்கள்

மத்ரித்தில் மூன்று வருடம் இருந்ததில் எனக்கு அதிகம் கைகொடுத்த ஸ்பானிய வாக்கியம் "கியென் தியேனெ லா யாவே?" என்பதுதான். சாவி யாரிடம் இருக்கிறது? பெரிய நகரத்துக் கதீட்ரல் என்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். கிராமத்தில் ஆயிரம் வருடத்துக் கட்டடம் சும்மா பூட்டிக் கிடக்கும். கதவில் ஒரு தாள்கூட ஒட்டியிருக்காது. எந்த வீட்டில் சாவி என்று தெருவில் விசாரித்தால்தான் உண்டு.

போன வருடம் மே கடைசியில் அப்பா வந்திருந்தார். பழைய கட்டடம், கல்வெட்டு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். பார்சலோனா, செவியா என்று நான் போட்டு வைத்திருந்த திட்டத்தைப் பார்த்துவிட்டு, "கூட்டம் இல்லாத இடமா பாரேம்மா" என்றார். கூட்டம் இல்லாத இடம்தானே? சோரியா மாகாணத்துக்குக் கூட்டிப் போனேன். மத்ரித்திலிருந்து வடகிழக்கே காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆட்கள் 90,000 தேறினால் அதிகம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 9 பேர். 'காலியாக்கப்பட்ட ஸ்பெயின்' என்று அங்கே ஒரு பேச்சே இருக்கிறது. 2019 மார்ச்சில் இந்த மாதிரி மாகாணத்துக்காரர்கள் மத்ரித்தில் திரண்டு பெரிய பேரணி நடத்தினார்கள். ஏன் என்பது வண்டி ஓட்டும்போது தெரியும். கோதுமை வயல், வரப்பில் சிவப்பு பாப்பிப் பூ, மேலே வட்டமடிக்கும் பிணந்தின்னிக் கழுகுகள், அப்புறம் மறுபடி கோதுமை. எதிரே ஒரு வண்டி வந்தால் கையசைக்கத் தோன்றும்.

முதலில் போனது பெர்லாங்கா ஊர்ப் பக்கத்தில் இருக்கும் சான் பௌதேலியோ என்ற சின்னத் தேவாலயம். திங்கட்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நேரம் பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். வெளியே இருந்து பார்த்தால் தானியக் கிடங்கு மாதிரி ஒரு கல் பெட்டி. "இதுக்கா ரெண்டு தடவை?" என்று அப்பா கேட்கவில்லை, முகம் கேட்டது. லாட வடிவ வாசலில் நுழைந்தோம். நடுவில் ஒரே ஒரு தூண். அது உயரே போய் எட்டு மட்டையாக விரிந்து கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேரீச்ச மரம்தான், கல்லில். அப்பா அதை நாலு சுற்று சுற்றி வந்தார். பின்பக்கத்து மாடத்துக்குக் கீழே குட்டி மசூதி போலச் சின்னத் தூண்களும் வளைவுகளும். கிறிஸ்தவ அரசுகளுக்கும் முஸ்லிம் ஆட்சிக்கும் நடுவே துவேரோ ஆற்றை ஒட்டி எல்லை முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்த பகுதி இது; கட்டியது 11ஆம் நூற்றாண்டில். இரண்டு பக்கத்துக் கைப்பழக்கமும் ஒரே அறைக்குள் இருக்கிறது.

சுவர் முழுக்க ஓவியம் என்று சொல்லித்தான் அப்பாவைக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே பெரும்பாலும் மிஞ்சியிருப்பது ஓவியம் இருந்த தடம். 1922இல் ஊர்க்காரர்கள், அப்போது கட்டடம் அவர்களுடைய சொத்து, ஓவியங்களை ஒரு பழம்பொருள் வியாபாரிக்கு 65,000 பெசேத்தாவுக்கு விற்றார்கள். இத்தனைக்கும் 1917லேயே தேசியச் சின்னமாக அறிவித்தாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சொந்தக்காரர்கள் பக்கமே தீர்ப்பானது. 1926இல் சுவரில் பசை தடவித் துணி ஒட்டி, காய்ந்த பிறகு வண்ணத்தைத் துணியோடு உரித்து எடுத்துப் போனார்கள். எல்லாம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஆனால் வண்ணம் சுவருக்குள் கொஞ்சம் ஊறியிருந்ததால் மங்கலாக ஒரு சாயல் தங்கிவிட்டது.

அங்கே காவலுக்கு இருந்தவர் அப்பாவின் முழங்கையைப் பிடித்து ஒரு மூலைக்கு நகர்த்தினார். சுவரில் காவி நிறத்தில் ஒரு திட்டு, அவ்வளவுதான். அவர் தன் வலது கையை மூக்குக்கு முன்னால் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டினார். "எலெஃபாந்தே." அப்பாவுக்கு ஒரு வார்த்தை ஸ்பானியம் தெரியாது. உடனே திரும்பி, "யானைம்மா! இதோ முதுகு, இதோ கால்" என்று எனக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார். சத்தியமாக எனக்கு அப்போதும் திட்டுதான் தெரிந்தது. அந்த யானை இப்போது மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில். அமெரிக்கா போனவற்றில் ஆறு துண்டுகள் மட்டும் 1957இல் திரும்பின, அதுவும் சும்மா இல்லை. பதிலுக்கு ஃபுவென்திதுவேன்யா என்ற ஊரின் தேவாலயத்துப் பின்சுவர் வளைவை, சுமார் 3,300 கல்லாகப் பிரித்து நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். ஒன்றை மீட்க இன்னொன்றைக் கொடுத்த கணக்கு. யார் இதற்குச் சம்மதித்தார்களோ, எனக்கு இன்றும் வயிறெரிகிறது. ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அப்பா பிராதோவுக்குப் போயே ஆகவேண்டும் என்றார். பெரிய ஓவியர் வெலாஸ்கெஸின் படங்கள் முன்னால் நின்றதைவிட அந்த யானை முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

பெர்லாங்கா ஊரின் பெரிய தேவாலயத்தில் இன்னொரு மிருகம் உண்டு. 1526இல் தொடங்கி நாலே வருடத்தில் கட்டி முடித்த உயரமான கட்டடம். உள்ளே சுவரில் பாடம் செய்த முதலை ஒன்று கறுத்துப்போய்த் தொங்குகிறது! ஊர்க்காரர்கள் 'பல்லி' என்கிறார்கள். பனாமாவில் ஆயராக இருந்த ஃப்ராய் தோமாஸ் இந்த ஊர்க்காரர். 1535இல் பெரு நாட்டுக்குக் கிளம்பிய அவருடைய கப்பல் காற்றில்லாமல் நீரோட்டத்தில் இழுபட்டு ஒரு தீவுக் கூட்டத்தில் போய் ஒதுங்கியது. அதுதான் கலாபகோஸ். பெரிய ஆமைகளையும், ஆளைக் கண்டு பறக்கத் தெரியாத பறவைகளையும் பற்றி அரசருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முதலையை ஊருக்குக் கொண்டுவந்ததும் அவர்தானாம். 1516இல் கனாரித் தீவிலிருந்து வாழையைக் கரீபியன் பக்கம் கொண்டுபோனதும் அவர்தான் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அப்பாவுக்கு முதலையைவிட வாழைச் செய்திதான் பிடித்தது.

பிளாசா மயோர் என்ற ஊர்ச் சதுக்கத்தில் மரத்தூண் தாங்கிய தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு பாரில் சாப்பிட்டோம். மதியம் இரண்டு மணிக்கு ஊரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்; ஐந்து மணி வரை சதுக்கத்தில் நாயும் நிழலும்தான். அப்பா முட்டை வரைக்கும்தான் வருவார். காய்கறி சாலட் கேட்டால் மேலே சூரைமீன், பீன்ஸ் கேட்டால் உள்ளே பன்றித் துண்டு. நாலு நாளும் உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் ரொட்டியுமாக ஓட்டினார். நான் தொர்ரெஸ்னோ சாப்பிட்டேன், அது இந்த ஊரின் மொறுமொறு பன்றி வறுவல். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சரி, சாவிக் கதைக்கு வருகிறேன். ஊர் பெயர் வேண்டாம். சாவி வைத்திருந்த அம்மா வீட்டு வாசலில் யாரும் வரிசை கட்ட வேண்டியதில்லை. குளிர்காலத்தில் 11 பேர் இருக்கும் கிராமம். தேவாலயத்தின் தென்புறம் தூண் வைத்த தாழ்வாரம், இந்தப் பக்கத்து ரோமனெஸ்க் (இடைக்காலக் கட்டடப் பாணி) கோயில்களின் அடையாளமே அதுதான். வெயில் விழும் பக்கம் என்பதால் ஊர்க்கூட்டம் அங்கேயே நடக்குமாம். இவற்றில் மூத்தது என்று சொல்லப்படுவது சான் எஸ்தேபான் தெ கோர்மாஸ் ஊரில் இருக்கும் சான் மிகேல். கல்லில் வெட்டியிருக்கும் வருடத்தை இன்றைய கணக்குக்கு மாற்றினால் 1081. எங்கள் கிராமத்துக் கோயில் அவ்வளவு பெயர் பெற்றதில்லை. பக்கச்சுவரில் 'இங்கே பந்தடிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. பந்தடிக்க அங்கே பையன் யாரும் இல்லை.

மூன்றாவது கதவைத் தட்டியதும் எண்பது வயதிருக்கும் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர், கிண்ணத்தில் மிச்சமிருந்ததையும் உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஏப்ரன் பைக்குள்ளிருந்து சாவி வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், இரும்பு. கதவைத் தோளால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்பினால்தான் திறக்கும். அதை அப்பாவைச் செய்யச் சொன்னார். இரண்டு தடவை தோற்ற பிறகு திறந்தது.

அப்பா பழக்க தோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். அந்த அம்மா அவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கல் சில்லிடும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். திரும்பி வரும்போது கையில் கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி. அவருடைய கணவருடையது, போய் ஆறு வருடமாகிறதாம். அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் பலிபீடம், ஞானஸ்நானத் தொட்டி எல்லாம் பார்த்தார். கடைசியில் மணிக்கயிறு. பெண் இறந்தால் எத்தனை அடி, ஆண் இறந்தால் எத்தனை, ஆலங்கட்டி மழைக்கு எப்படி என்று அந்த அம்மா கயிற்றைத் தொடாமலே கையால் அடித்துக் காட்டினார். ஸ்பெயினில் கோயில் மணியைக் கையால் அடிக்கும் வழக்கம் 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று சொன்னேன். "அப்போ அடிக்க ஆள் அனுப்புவார்களா?" என்றார்.

* * *

அக்கா, உங்கள் சோரியாக் கதையைப் படித்த வாசகன் நான்; மணி என்றதும் எனக்கும் எழுதத் தோன்றிவிட்டது. நான் மணப்பாட்டுக்காரன். முத்துக்குளித்துறையில் எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு சவேரியார் உண்டு. வேலை விஷயமாக வட ஸ்பெயினில் இருக்கும் பம்ப்லோனா போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹவியேர் கோட்டைக்குப் போனேன். 1506இல் புனித சவேரியார் பிறந்த வீடு. அந்தப் பகுதியை ஆண்ட நவார்ரா ராஜ்யம் தோற்ற பிறகு 1516இல் அதன் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். இப்போது இருப்பது பிற்பாடு சீர்படுத்தியது. கொஞ்சம் புத்தம்புதுசாகத்தான் தெரிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே சின்ன ஜெபக்கூடம் ஒன்று இருக்கிறது. வால்நட் மரத்தில் செய்த பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசு, உதட்டில் சிரிப்பு. சுற்றிச் சுவரில் எலும்புக்கூடுகள் ஆடும் ஓவியம். சின்ன வயதில் இதைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்.

அங்கே அந்தப் பகுதியின் பழைய மொழியான பாஸ்க் பேசும் வயதான தம்பதி. எங்கிருந்து வருகிறாய் என்றார்கள். மணப்பாடு பற்றி, சவேரியார் தங்கிய குகை பற்றி உடைந்த ஸ்பானியத்தில் சொன்னேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஹவியேர் என்பதே பாஸ்க் சொல், 'எச்செபெர்ரி', அதாவது புது வீடு என்றார். சவேரியார் என்றால் புதுவீட்டார்! பெயர் சொல்லிக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே.

1542இல் எங்கள் கரைக்கு வந்தபோது சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் பேச்சு மலபார், என் பேச்சு பாஸ்க், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். மலபார் என்று அவர் சொன்னது நம் தமிழைத்தான். ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடம் பண்ணி, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார். இதைச் சொன்னதும் அந்தப் பாஸ்க் அம்மா தமிழில் ஒரு ஜெபம் சொல்லச் சொன்னார். 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். பாதியில் குரல் கம்மிவிட்டது. அவர் மிச்சத்தைப் பாஸ்கில் முடித்தார்.

* * *

நான் இன்னொரு வாசகி, சந்தியாகோ நகரத்துக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையில் நடந்தவள். வழியில் ஃப்ரோமிஸ்தா ஊரில் சான் மார்தின் கோயில் முன் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன், காரணம் பக்தியில்லை, கால் கொப்புளம். 11ஆம் நூற்றாண்டுக் கோயில். கூரை விளிம்புக்குக் கீழே முந்நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிச் சிற்பங்கள்: குரங்கு, குடிகாரன், கழுத்தைத் திருப்பிய பறவை. எனக்கென்னவோ 1900 வாக்கில் செய்த திருப்பணியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. புதிதாகச் செருகிய சில கற்களில் 'ஆர்' எழுத்துக் குறி இருக்கிறது, அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். பக்கத்து பெஞ்சில் இருந்த தாத்தா என் காலைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். பாரிலிருந்து ஒரு வாளியில் உப்புத் தண்ணீர், ஒரு கிளாஸ் குளிர்ந்த பீர். எது எதற்கு என்று சைகையில் சொன்னார்.

ஊருக்கு வெளியே கஸ்தியா கால்வாயின் மதகுகளைத் தவறவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டு வேலை. கோவேறு கழுதை கரையில் நடந்து படகை இழுத்த பாதை இன்னும் இருக்கிறது, இரண்டு பக்கமும் மரநிழல்.

* * *

மறுபடி நான்தான், அப்பாவோடு சோரியா போனவள். சாவி வைத்திருந்த அந்த அம்மா காசு வாங்கினாரா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கவில்லை. உண்டியலில் போடச் சொன்னார், உரித்த பட்டாணியில் ஒரு பை எங்களுக்குக் கொடுத்தார். செருப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்பா கும்பிட்டார். அவர் பதிலுக்கு அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். அப்பா அதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

இந்த பிப்ரவரியில் அந்த வழியாகப் போனபோது வீடு சாத்தியிருந்தது. குளிருக்கு சரகோசாவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அடுத்த ஊர் பாரில் சொன்னார்கள். சாவி இப்போது ரொட்டி வண்டிக்காரரிடம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான் வருவார். பதினோரு மணி வாக்கில் ஹார்ன் கேட்கும், கேட்டதும் சதுக்கத்துக்கு ஓடுங்கள்; ஐந்து நிமிடம்தான் நிற்பார்.