சாவி திருப்பினா 'டக் டக்' சத்தம் மட்டும்: பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

கேள்வி:
நாலு வருஷ பெட்ரோல் கார். காலையில மீட்டர் விளக்கு மங்கி 'டக் டக்'னு சத்தம் வருது. வேற வண்டி பேட்டரியில கேபிள் மாட்டி ஜம்ப் ஸ்டார்ட் பண்ணா உடனே எடுக்குது. பேட்டரி மாத்தணுமா?

பதில் 1:
வோல்ட் அளக்குற மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வெச்சு, பேட்டரியோட பிளஸ், மைனஸ்ல தொடுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 இருந்தா முழு சார்ஜ், 12.2ன்னா பாதி. பிறகு ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு மீட்டரையே பாருங்க. 12.5 காட்டினது 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரி முடிஞ்சது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வந்தா ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) சரி.

பதில் 2:
அதுக்கு முன்னாடி டெர்மினலை, அதாவது கேபிள் கிளாம்ப் மாட்டுற பேட்டரி முனையைப் பாருங்க. வெள்ளை, பச்சைப் பொடி பூத்திருந்தாலோ கிளாம்ப் கையால அசைஞ்சாலோ, புது பேட்டரி போட்டாலும் இதே சத்தம்தான். கிளாம்பைக் கழட்டி, வெந்நீர்ல ஆப்ப சோடா கலந்து பழைய பிரஷ்ஷால தேய்ங்க. காயவிட்டு மாட்டி வாசலின் தடவுங்க.

கேள்வி கேட்டவர்:
சுத்தம் பண்ணியாச்சு. 12.5 இருக்கு, ஸ்டார்ட்ல 8.4. ஓடும்போது 14.1.

பதில் 1:
அப்போ மாத்திடுங்க, சார்ஜ் போட்டு இழுக்காதீங்க. 10ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். கழட்டும்போது மைனஸ் முதல்ல. பிளஸ்ல ஆரம்பிச்சா ஸ்பேனர் பாடியில பட்டு தீப்பொறி பறக்கும். மாட்டும்போது பிளஸ் முதல்ல.

பதில் 3:
வாங்கும்போது பிளஸ் எந்தப் பக்கம்னு பாருங்க, மாறினா கேபிள் எட்டாது. சிக்னல்ல இன்ஜின் தானா நின்னு திரும்ப எடுக்குற ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டின்னா சாதா பேட்டரி வேண்டாம், அதுக்குன்னே வர்ற இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான். பழசைக் கடையிலேயே கொடுத்தா விலையில கழிப்பாங்க.