லக்ஸ் மீட்டரை லேப்டாப் எடுக்கவில்லை, உள்ளே இருக்கும் பதிவுகளை எப்படி இறக்குவது?

காசிமேடு மாலை வகுப்பு எழுதியது:

வணக்கம். காசிமேட்டில் மாலை வகுப்பு ஒன்று நடத்துகிறோம். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகள், பெரும்பாலும் மீனவக் குடும்பத்தவர். பொழுது சாய்ந்த பிறகு ஹாலில் வெளிச்சம் போதவில்லை. பின்வரிசையில் உட்காரும் பிள்ளைகள் நோட்டின் மேல் கவிழ்ந்துகொண்டு எழுதுகிறார்கள். ஹாலைக் கொடுத்திருக்கும் சங்கத்தாரிடம் சொன்னால், "எல்லா டியூபும் எரியுதே டீச்சர்" என்கிறார்கள். வாயால் சொல்வதைவிட அளந்து காட்டிவிடலாம் என்று, தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் வெளிச்சத்தை அளந்து பதிவு செய்யும் லக்ஸ் மீட்டரை இரவல் வாங்கினேன். நிமிடத்துக்கு ஓர் அளவு எடுத்து அதுவே சேமித்துக்கொள்கிறது. பதிவாகியிருப்பதைத் திரையிலும் பார்க்க முடிகிறது.

அதை லேப்டாப்புக்கு இறக்கத்தான் முடியவில்லை. மீட்டரில் ஹெட்போன் துளை மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் செருகும் வயரின் மறுமுனையில் ஒன்பது துளை கொண்ட பழைய சீரியல் பிளக். அதை ஒரு நீல நிற யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டி லேப்டாப்பில் போடுகிறேன். விண்டோஸ் 10. போட்டதும் 'டிங்' என்று சத்தம் வருகிறது, ஆனால் மீட்டரின் சாஃப்ட்வேர் போர்ட்டே இல்லை என்கிறது. தம்பியின் கம்ப்யூட்டரிலும் இதே கதை. இரவல் பொருள் என்பதால் எதையும் கழற்றிப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் சர்வீஸ் எழுதியது:

டீச்சர், முதல் வேலையாக மீட்டரில் 'கிளியர்' பக்கமே போகாதீர்கள். பேட்டரியையும் இப்போது கழற்ற வேண்டாம். பேட்டரி போனால் பதிவு தங்குமா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

அப்புறம் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு கன்வெர்ட்டரை மட்டும் செருகுங்கள். இந்த ஏற்பாட்டில் மீட்டர் என்று ஒன்று இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது, அது பார்ப்பது கன்வெர்ட்டரை மட்டும்தான். நீங்கள் கேட்கும் 'டிங்'கும் கன்வெர்ட்டருக்கு வருவது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் என்ன பெயர் வருகிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொளத்தூர் வாசி எழுதியது:

எதற்கு மேடம் இவ்வளவு கஷ்டம்? போனிலேயே லக்ஸ் காட்டும் ஆப் நிறைய இருக்கிறதே.

பெரம்பூர் சர்வீஸ் எழுதியது:

சார், போனில் இருக்கும் சென்சார் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வைத்தது. போனுக்குப் போன் அளவு மாறும், கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே எண் எகிறும். நாலு பேர் கூடிய இடத்தில் காட்டிப் பேசுவதற்கு அது நிற்காது. அவர் கையில் இருப்பது சரியான கருவி. அதையே வழிக்குக் கொண்டுவருவோம்.

காசிமேடு மாலை வகுப்பு எழுதியது:

பார்த்தேன் சார். மஞ்சள் முக்கோணம் இருக்கிறது. போர்ட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் "பிஎல்2303எச்எக்ஸ்ஏ ஃபேஸ்டு அவுட் சின்ஸ் 2012, ப்ளீஸ் கான்டாக்ட் யுவர் சப்ளையர்" என்று இருக்கிறது. மீட்டர் போய்விட்டது என்று அர்த்தமா?

பெரம்பூர் சர்வீஸ் எழுதியது:

மீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாக இருங்கள். கன்வெர்ட்டருக்குள் இருப்பது பிஎல்2303 வரிசையின் பழைய சிப். அதன் தயாரிப்பு 2012இல் நின்றுவிட்டது. புதிய டிரைவர், அதாவது கன்வெர்ட்டரை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர், அந்தச் சிப்பை அடையாளம் கண்டதும் வேலை செய்ய மறுத்து இந்த வாசகத்தைக் காட்டும். இதே சிப்பைப் போலச் செய்த நகல்களும் சந்தையில் ஏராளம், அவற்றுக்கும் இதே கதிதான். விண்டோஸ் தானாக இன்டர்நெட்டிலிருந்து புது டிரைவரை எடுத்துக்கொள்வதால்தான் உங்கள் தம்பியின் கம்ப்யூட்டரிலும் அப்படியே வந்தது.

வழி இரண்டு. ஒன்று, பழைய டிரைவருக்குத் திரும்புவது. அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக், 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', அதற்குள் 'லெட் மீ பிக்'. அங்கே பட்டியலில் தேதி பழையதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் ஒன்று மட்டும் இருந்தால் மீட்டரோடு வந்த சிடியில் உள்ள டிரைவரைப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் 64 பிட் என்றால் டிரைவரும் 64 பிட்டாக இருக்க வேண்டும். இது உடனே நடக்கும், செலவில்லை. ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் மறுபடி புது டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது, கன்வெர்ட்டரையே மாற்றுவது. எஃப்டி232 அல்லது சிபி2102 சிப் போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி பயன்படுத்துவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

ராயபுரம் எலக்ட்ரானிக்ஸ் எழுதியது:

கன்வெர்ட்டர் வாங்கப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை அக்கா. கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் பிடித்து சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். ஆனால் அங்கே போய் "எஃப்டி232 கொடுங்க" என்று மட்டும் கேட்டால், காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு வாங்கும் சின்ன சிவப்பு போர்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது சிப்புகள் தங்களுக்குள் பேசும் 3.3 அல்லது 5 வோல்ட் டிடிஎல் சிக்னலுக்கானது. உங்கள் வயர் ஒன்பது பின் ஆர்எஸ்232, அதாவது பழைய சீரியல் போர்ட் முறை. அதில் சிக்னல் 3 முதல் 15 வோல்ட் வரை கூட்டலிலும் கழித்தலிலும் மாறி மாறிப் போகும், தலைகீழாகவும் இருக்கும். இரண்டையும் இணைத்தால் போர்டு எரிந்துபோகலாம். "யூஎஸ்பி டு ஆர்எஸ்232, ஒன்பது பின் ஆண் பிளக்" என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். பர்மா பஜாரிலும் கிடைக்கும், ஆனால் உள்ளே எந்தச் சிப் என்று அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

காசிமேடு மாலை வகுப்பு எழுதியது:

பழைய டிரைவர் பட்டியலிலேயே இருந்தது, போட்டேன். முக்கோணம் போய்விட்டது! இப்போது 'காம் 14' என்று காட்டுகிறது. ஆனால் மீட்டரின் சாஃப்ட்வேரில் காம் 1 முதல் 8 வரைதான் தேர்ந்தெடுக்க முடிகிறது.

பெரம்பூர் சர்வீஸ் எழுதியது:

பழைய சாஃப்ட்வேர்களில் இது வழக்கம். அந்த போர்ட்டின் மேல் இரட்டை கிளிக், 'போர்ட் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு'. அங்கே எண்ணை 3 என்று மாற்றுங்கள். 'இன் யூஸ்' என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம், முன்பு எப்போதோ செருகிய புளூடூத்தோ வேறு எதுவோ பிடித்து வைத்த எண்ணாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மாற்றியதும் கன்வெர்ட்டரைப் பிடுங்கி மறுபடி செருகிவிட்டு சாஃப்ட்வேரைத் திறங்கள்.

காசிமேடு மாலை வகுப்பு எழுதியது:

காம் 3 ஆகிவிட்டது, சாஃப்ட்வேரும் ஏற்றுக்கொண்டது. ஆனால் 'டவுன்லோடு' அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'டைம் அவுட்' என்கிறது.

பெரம்பூர் சர்வீஸ் எழுதியது:

நல்லது, பாதித் தூரம் வந்துவிட்டோம். இப்போது கோளாறு கன்வெர்ட்டரிலா, அதற்கு அப்பாலா என்று பிரித்துவிடலாம். மீட்டரின் சாஃப்ட்வேரை மூடிவிடுங்கள். ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். 'புட்டி' என்ற இலவச புரோகிராமைப் போட்டு, சீரியல், காம் 3, வேகம் 9600 என்று கொடுத்துத் திறங்கள். கறுப்புத் திரை வரும். மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு கன்வெர்ட்டரின் ஒன்பது பின்னை உற்றுப் பாருங்கள், ஒவ்வொரு பின் பக்கத்திலும் பொடி எழுத்தில் எண் இருக்கும். ஐந்து பின் உள்ள வரிசையில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் அடுத்தடுத்து நிற்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவரின் முனையால் இரண்டையும் சேர்த்துத் தொட்டபடி கீபோர்டில் எழுத்துகளைத் தட்டுங்கள். 2 வாங்கும் பின், 3 அனுப்பும் பின். தட்டியது திரையில் தெரிந்து, முனையை எடுத்ததும் நின்றுவிட்டால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது.

காசிமேடு மாலை வகுப்பு எழுதியது:

தம்பி பிடித்துக்கொள்ள நான் தட்டினேன். எழுத்து வருகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது.

திருவொற்றியூர் மெக்கானிக் எழுதியது:

அப்படியென்றால் மீட்டர் பக்கம்தான். கடலோரத்தில் இந்தச் சாமான்களோடு மாரடிக்கிறவன் என்பதால் சொல்கிறேன், ஹெட்போன் துளை மாதிரி இருக்கும் அந்த ஜாக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். வயர் முனையின் பித்தளையில் பச்சை பூத்திருக்கும், அல்லது மங்கலாகக் கறுத்திருக்கும். உப்புக்காற்று செய்கிற வேலை. பொருளைப் பையில் வைத்திருந்தாலும் விடாது.

மீட்டரை அணைத்துவிட்டு, மொபைல் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு முனையைத் துடையுங்கள். துளைக்குள் எதையும் குத்தவோ ஊற்றவோ வேண்டாம். துடைத்த முனையையே பல தடவை செருகி எடுத்தால் உள்ளே இருக்கும் தகடும் சுத்தமாகிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, கடைசி வரை 'டக்' என்று உட்காரும்படி அழுத்துங்கள். முக்கால்வாசி நுழைந்தாலும் பார்க்க நுழைந்த மாதிரிதான் இருக்கும்.

மீட்டரில் பேட்டரிக் குறி காட்டுகிறதா என்றும் பாருங்கள். இந்த மாதிரி மீட்டர்கள் லேப்டாப்பிலிருந்து கரன்ட் எடுப்பதில்லை. 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் திரை எரியும், டேட்டா வராது. பக்கவாட்டில் அடாப்டர் துளை இருந்தால், வோல்டேஜையும் பிளஸ் மைனஸையும் சரிபார்த்து அதில் கரன்ட் கொடுங்கள். பேட்டரியைத் தொடாமலே வேலை முடியும்.

காசிமேடு மாலை வகுப்பு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே பச்சை பூத்திருந்தது! துடைத்துச் செருகியதும் மொத்தமும் இறங்கிவிட்டது. உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. எக்செல்லில் திறந்தால் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்கின்றன. வரைபடம் போட்டால் மாதங்கள் தாறுமாறாக வருகின்றன.

ராயபுரம் எலக்ட்ரானிக்ஸ் எழுதியது:

சாஃப்ட்வேர் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் எழுதுகிறது அக்கா. நம் எக்செல் நாளை முன்னால் எதிர்பார்க்கும். தேதி 12 வரை இரண்டும் பொருந்திப்போவதால் நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். 12க்கு மேல் அப்படி ஒரு மாதமே இல்லை என்பதால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஃபைலை இரட்டை கிளிக் செய்து திறக்காதீர்கள். காலி எக்செல்லைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாக உள்ளே எடுங்கள். தேதிப் பத்திக்கு மாதம், நாள், வருடம் என்ற வரிசையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

காசிமேடு மாலை வகுப்பு எழுதியது:

சரியாகிவிட்டது தம்பி. பின்வரிசை மேஜையில் 90 லக்ஸைத் தாண்டவே இல்லை. ஏழு மணிக்கு மேல் 70 வரை இறங்குகிறது, ஒன்பதை நெருங்கும்போது மறுபடி கொஞ்சம் ஏறுகிறது.

பெரம்பூர் சர்வீஸ் எழுதியது:

டீச்சர், அந்த இறக்கம்தான் உங்கள் பேச்சுக்கு வலு. உள்ளரங்க வெளிச்சத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3646 வகுப்பறைக்கு 200, 300, 500 லக்ஸ் என்று மூன்று படி தருகிறது. உங்கள் பின்வரிசை கீழ்ப்படியில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஏழு மணிக்கு இறங்குவது பெரும்பாலும் லோ வோல்டேஜாக இருக்கும். சோக் போட்ட பழைய டியூப் வோல்டேஜ் குறைந்தால் மங்கும், முனை கறுத்திருந்தால் இன்னும் மோசம். "எல்லா டியூபும் எரியுதே" என்று அவர்கள் சொல்வதும் உண்மைதான், எரிகிறது, ஆனால் வெளிச்சம் வருவதில்லை. நல்ல டிரைவர் (இங்கே சாஃப்ட்வேர் அல்ல, உள்ளே கரன்ட்டைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எல்இடி பேட்டன், அதாவது டியூப் மாதிரி நீள விளக்கு, வோல்டேஜ் இறங்கினாலும் அதே வெளிச்சம் தரும். 20 வாட் பேட்டன் தரும் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய 2000 லூமென். பின்வரிசைக்கு மேலே முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

மாற்றிய பிறகு அதே மேஜையில், அதே உயரத்தில், சென்சாரின் மேல் யார் நிழலும் விழாமல் வைத்து இன்னொரு மாலை பதிவு எடுத்துவிடுங்கள். ஃபைலை பென் டிரைவிலும் ஒரு காப்பி போட்டுவிட்டு, பேராசிரியரிடம் மீட்டரைத் திருப்பித் தரும்போது பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து, பேட்டரி மாட்டும் கிளிப்பும் பச்சை பூத்துவிடும்.