யூகே ஸ்பௌஸ் விசா: அப்பீல் ஜெயிச்சாச்சு, விசாவைக் காணோம்

ஈசூன்காரி:
எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் லண்டன் ஹாரோவில் இருக்கிறார், பிரிட்டிஷ் குடிமகன். நான் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவரோடு அங்கே போய் வாழ ஸ்பௌஸ் விசா (துணைவர் விசா) கேட்டேன், எங்கள் உறவு உண்மையானதாகத் தெரியவில்லை என்று சொல்லி மறுத்தார்கள், அப்பீல் போனோம், நீதிபதி எங்கள் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டார். அதுக்கு மேல ஒரு மாதமாக ஒரு ஈமெயில்கூட இல்லை. அம்மாவோ "ஜெயிச்சாச்சுல்ல, டிக்கெட் போட வேண்டியதுதானே" என்று தினமும் கேட்கிறார். வேலையை ராஜினாமா செய்துவிடலாமா? இல்லை, இ.டி.ஏ. (விசா இல்லாமல் விசிட்டராகப் போக எடுக்கும் பயண அனுமதி) எடுத்து ஒரு மாதம் அவரோடு இருந்துவிட்டு வரலாமா?

ஜூரோங் அக்கா:
வாழ்த்துகள்மா. ராஜினாமா மட்டும் வேண்டாம், விசா கைக்கு வரட்டும். தீர்ப்பை எழுத்தில் அனுப்பிய நாளிலிருந்து ஒரு கெடுவுக்குள் பிரிட்டன் உள்துறை, சட்டப் பிழை இருக்கிறது என்று சொல்லி மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கலாம். அப்படிக் கேட்டிருக்கிறார்களா என்று வக்கீலை விட்டுத் தீர்ப்பாயத்தில் விசாரிக்கச் சொல், முதல் வேலை அதுதான். கேட்கவில்லை என்றால் ஃபைல் மறுபடி விசா அதிகாரியிடம் போகும். என் ஃபைல் அங்கேதான் தூங்கியது, கடைசியில் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லி வந்த ஈமெயில் ஸ்பாமில் லோன் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. ஸ்பாமைத் தினமும் பார். பாஸ்போர்ட் தேதி முடியப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்.

குரோய்டன்வாசி:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. சிங்கப்பூரில் எம்.பி. நடத்தும் மக்கள் சந்திப்புக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தால் இதுக்குப் பலன் இருக்காது, உங்கள் கணவர்தான் அங்கே தன் தொகுதி எம்.பி.க்கு எழுதணும். ஜி.டபிள்யூ.எஃப். எண் (விசா விண்ணப்ப எண்), அப்பீல் எண், தீர்ப்பு நகல், அப்புறம் உங்கள் சம்மதக் கடிதம், நாலையும் முதல் ஈமெயிலிலேயே அனுப்பிவிட்டால் அவர்கள் திரும்பக் கேட்டு நாள் போகாது. எம்.பி. ஆபீஸால் விசா கொடுக்க வைக்க முடியாது, ஆனால் ஃபைல் எங்கே நிற்கிறது என்றாவது தெரியும். அதுக்கும் அசையாவிட்டால் வக்கீல் மூலம் ப்ரீ-ஆக்‌ஷன் கடிதம், அதாவது வழக்குப் போடுவதற்கு முன் அனுப்பும் எச்சரிக்கை. பதில் சொல்ல வழக்கமாக 14 நாள் கொடுப்பார்கள், அதுக்கு அடுத்தது ஜுடீஷியல் ரிவ்யூ (அரசின் செயலை எதிர்த்து நீதிமன்றத்தில் போடும் வழக்கு), செலவு கையைக் கடிக்கும். பெரும்பாலும் கடிதத்துக்கே ஆள் எழுந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். அப்பீலுக்குக் கட்டிய 140 பவுண்டைத் திருப்பித் தரச் சொல்லி நீதிபதி எழுதியிருக்கிறாரா என்றும் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள்.

ஈசூன்காரி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. உள்துறை மேல்முறையீடு கேட்கலாம் என்ற விஷயத்தை வக்கீல் சொல்லவே இல்லை. இ.டி.ஏ. பற்றி?

ஜூரோங் அக்கா:
சட்டப்படி தடை இல்லை, ஆனாலும் நான் போக மாட்டேன். விசிட்டராகப் போய் அங்கிருந்தபடியே ஸ்பௌஸ் விசாவுக்கு மாற முடியாது. நீ அங்கே இருக்கும்போது பாஸ்போர்ட் கேட்டு ஈமெயில் வந்தால் அரக்கப்பரக்கத் திரும்பி வரணும்.

குரோய்டன்வாசி:
எனக்கு அப்படித் தோன்றவில்லை அக்கா, வருஷக்கணக்கில் பிரிந்திருப்பவர்களை இன்னும் உட்கார்ந்திரு என்றால் எப்படி? போங்க தங்கச்சி. ரிட்டர்ன் டிக்கெட், லீவ் முடிந்து வேலைக்குத் திரும்பும் தேதி போட்ட கம்பெனிக் கடிதம், தீர்ப்பு நகல் மூன்றையும் கைப்பையிலேயே வையுங்கள். ஏர்போர்ட்டில் கேட்டால் விசாவுக்குக் காத்திருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.