லயக் காம்பராவுக்கு பிவிசி சீலிங்: நெருப்பு பிடிக்காதா?

தலவாக்கலையான்:
எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசையாக எட்டு காம்பரா, ஒரே தகரக் கூரை. மார்கழிக் குளிரில் தகரம் வேர்த்து விடியற்காலையில் படுக்கையில் சொட்டுகிறது. போன மாதம் முன்காம்பராவுக்கு பிவிசி சீலிங் அடித்து, மேலே ரெஜிபோம் (வெள்ளை ஃபோம் ஷீட்) பரப்பினோம். குசினிக்கும் அடித்துவிடலாம் என்கிறார் சீலிங் வேலை செய்த பாஸ். விறகு அடுப்பு அங்கேதான். கடைக்காரர் ஒரு துண்டில் லைட்டரைப் பிடித்துக் காட்டினார். லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. "நெருப்பே பிடிக்காது தம்பி" என்றார். நம்பலாமா?

ஹட்டன் வயர்மேன்:
அவர் காட்டியது பொய்யில்லை. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின், அதனால் தனியாக எரியாது. ஆனால் வீடு பற்றும்போது லைட்டரை யார் எடுப்பது? விறகும் பலகையும் துணியும் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் பிவிசி ஹைட்ரஜன் குளோரைட் வாயுவைக் கக்கும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் பட்டால் அது அமிலம். கண் திறக்க முடியாவிட்டால் சொந்தக் காம்பராவிலேயே வாசல் தெரியாது.

ரெஜிபோம் இன்னும் மோசம். நூறு பாகைச் சூட்டிலேயே இளகிவிடும், பற்றினால் எரிகிற சொட்டாகக் கீழே விழும். கரும்புகை, கூடவே கார்பன் மோனாக்சைட். அதற்கு மணமே இல்லை, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

சில வருடத்துக்கு முன்னால், எரிந்த லயம் ஒன்றுக்கு வயரிங் பார்க்கப் போனேன். கடைசிக் காம்பராவுக்கு நெருப்பு வரவேயில்லை. நடுச்சுவர் கூரை வரை போகாததால் மேலே வழியாகப் புகை மட்டும் வந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து அந்த அக்கா கவ்வாத்துக் கத்தியையும் புது தையல் மெஷினையும் கொண்டுவந்து காட்டினார். இரண்டும் சிவந்து துருவேறிக் கிடந்தன. இரும்பையே அப்படி ஆக்கிய காற்றைத்தான் அவர் பிள்ளைகளும் கொஞ்சம் இழுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பாஸ்மார் சொல்லமாட்டார்கள். பிவிசி வயர் ரெஜிபோமில் பட்டுக் கிடந்தால் வயரின் உறை நாளடைவில் இறுகி விரிசல் விடும். சீலிங்குக்கு மேலே நடப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ரெஜிபோமைக் கழற்றுங்கள், ஜாயின்ட் எல்லாம் பெட்டிக்குள் இருக்கட்டும், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். குசினிக்கு பிவிசி வேண்டவே வேண்டாம்.

பண்டாரவளைப் பொண்ணு (இப்போது லண்டன்):
அண்ணன் சொல்வது சரி. இங்கே கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் அடித்திருந்த அலுமினியத் தகட்டின் நடுவில் பொலித்தீன், அதற்குப் பின்னால் குளிர் தாங்க ஃபோம். அதுவும் குளிருக்குப் போர்த்தியதுதான்.

அப்புறம் ஒன்று. மிச்சத் துண்டுகளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். ஈர விறகு பற்றவில்லை என்றால் எங்கள் அம்மாயி பொலித்தீனைத்தான் தேடுவார்.

தலவாக்கலையான்:
அப்படியென்றால் குசினிக்கு சீமெந்து ஷீட் அடிக்கலாமா?

ஹட்டன் வயர்மேன்:
அது எரியாது, பாரம்தான். சீலிங் சட்டகம் தாங்குமா என்று பாஸிடம் கேளுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் திறந்து விடுங்கள், புகை போகட்டும்.

தலவாக்கலையான்:
நன்றி அண்ணன். தங்கச்சி எழுதியதைப் பார்த்துவிட்டு குசினிக்குப் போனேன். மிச்ச பிவிசித் துண்டுகளை அம்மா விறகோடு சேர்த்து அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்.