ஐ2சி பஸ்ல -1 மட்டும் வருது, அவசரம்

கொட்டகை_குமார்: இஎஸ்பி32 போர்டு ஒண்ணு, ஆர்டுயினோ நானோ போர்டு ரெண்டு. நானோவுல டிஹெச்டி22 (வெப்பம், ஈரப்பதம் பாக்கற சென்சார்). ரீடிங் ஐ2சில (டேட்டாவுக்கு ஒண்ணு, கிளாக்குக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஒயர்ல பேசற பஸ்) இஎஸ்பிக்கு வரணும். நேத்து ராத்திரி மேஜையில அருமையா ஓடுச்சு. இன்னைக்குக் காளான் கொட்டகையில மாட்டினதும் -1, -1ன்னு வருது, நடுநடுவுல ஹேங். புரோகிராம் சரிதான். நாளைக்குக் காளான் பெட் போடறோம், யாராவது சொல்லுங்க.

பழையநானோ: ஒயர் எவ்வளவு நீளம்? புல்-அப் (லைனை ஹைக்கு இழுத்து வெக்கற ரெசிஸ்டர்) இருக்கா? கிரவுண்ட் மூணுக்கும் சேர்த்திருக்கீங்களா?

ஈரக்காத்து: சென்சார்தான். டிஹெச்டி22வை 2 செகண்டுக்குள்ள திரும்பக் கேட்டா மக்கர் பண்ணும். எஸ்ஹெச்டி31 சென்சார் வாங்குங்க.

பழையநானோ: சென்சார் சொதப்பினா லைப்ரரி 'நேன்'னு (நம்பரே இல்லன்னு) தரும். -1ன்னா, ஐ2சி பைட்டைப் படிக்கற வயர்.ரீட் கமாண்ட் படிக்கப் போன இடத்துல பைட்டே இல்ல. பஸ்தான் கோளாறு.

ஓம்விதி: இதுக்கு இங்க நூறு தடவை பதில் சொல்லியாச்சு. தேடிப் பாக்கற வழக்கமே போயிடுச்சு. ஐ2சி 1982ல பிலிப்ஸ் கொண்டுவந்தது, ஒரே போர்டுல இருக்கற சிப்புங்க பேசிக்க. கொட்டகைக்குக் கொடி கட்ட இல்ல. மேக்ஸ்485 (நீள ஒயருக்கான ஆர்எஸ்-485 சிப்) போடுங்க, ஒயரோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர். மாஸ்டர், ஸ்லேவ்னா என்னன்னாவது தெரியுமா?

தமிழ்ச்சுற்று: அந்தப் பேரெல்லாம் இப்ப இல்லைங்க. 2021லயே என்எக்ஸ்பி (பிலிப்ஸ்ல இருந்து பிரிஞ்ச சிப் கம்பெனி) மாஸ்டரைக் கன்ட்ரோலர், ஸ்லேவை டார்கெட்னு மாத்திட்டாங்க.

ஓம்விதி: பேரை மாத்தினா பைட் வந்துடுமா?

தமிழ்ச்சுற்று: வராது. ஆனா நான் பசங்களுக்கு, டேட்டா கேட்டு வாங்கற மாஸ்டரைக் 'கேக்கறவன்', பதில் தர்ற ஸ்லேவை 'சொல்றவன்'னுதான் சொல்லித் தர்றேன். சட்டுனு புரியுது.

ஈரக்காத்து: மாஸ்டர் டேட்டா அனுப்பி ரைட் பண்ணும்போது கேக்கறவனே சொல்றவன் ஆயிடுவானே?

ஓம்விதி: இதுக்குத்தான் பழைய பேரே போதும்ங்கறேன்.

கொட்டகை_குமார்: 8 மீட்டர், கேட்6 நெட்வொர்க் கேபிள். ஆரஞ்சு ஜோடியில எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்). கிரவுண்ட் சேர்த்தாச்சு. புல்-அப் தனியா போடல, உள்ளேயே இருக்குன்னாங்களே?

பழையநானோ: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! நானோவுக்குள்ள இருக்கற புல்-அப் 20 கிலோஓமுக்கு மேல. கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் (சார்ஜ் தேக்கற அளவு) மீட்டருக்கு சுமார் 50 பிகோஃபாரட், 8 மீட்டருக்கே 400. ஐ2சி வரம்பே அதுதான். லைன் மெல்ல மெல்ல ஏறி முடிக்கறதுக்குள்ள அடுத்த கிளாக் வந்துடும். டேட்டாவையும் கிளாக்கையும் ஒரே ஜோடியில முறுக்கினா ஒண்ணு போடற சத்தம் இன்னொண்ணுல விழும். எஸ்டிஏ கூட ஒரு கிரவுண்ட், எஸ்சிஎல் கூட ஒரு கிரவுண்ட்னு ஜோடியைப் பிரிங்க. 3.3 வோல்ட்டுக்கு 2.2 கிலோஓம் புல்-அப். கோடுல செட்கிளாக் 10000னு வேகத்தைக் குறைங்க. நானோ 5 வோல்ட்ல ஓடுதுன்னா லெவல் ஷிஃப்டரும் (3.3, 5 வோல்ட்டுக்கு நடுவுல சிக்னலை மாத்தறது) வேணும், 3.5 வோல்ட் தாண்டினாத்தான் நானோ ஹைன்னு நிச்சயமா எடுத்துக்கும்.

ஈரக்காத்து: எஸ்ஹெச்டி31ம் ஐ2சிதான். மறந்துட்டேன்.

கொட்டகை_குமார்: மூணு நாளா கொட்டகை வேலை, வர முடியல. இப்ப ஓடுது. நன்றி அண்ணா.

பழையநானோ: எதை மாத்தினீங்க?

ஓம்விதி: 485தான் போட்டிருப்பார்.

மொட்டைமாடி_மணி: எனக்கும் இதே -1. குமார் அண்ணா, என்ன பண்ணீங்க?